படம்: கூட்டாளி

லாசரஸ் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தாடையைத் தூக்கிவிட்டுப் பிழைத்தவர். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே இருந்தது செல்லக்கண்ணுவின் ஸ்டூடியோ. கல்யாண ஜோடி, பாஸ்போர்ட்டுக்கு வருகிறவர், ஊருக்கு அனுப்ப மொத்தக் குடும்பத்தோடு வருகிறவர் என்று யார் வந்தாலும் லாசரஸ் சொல்வது நான்கே வாக்கியம். "தாடையைத் தூக்குங்க. தோளை இறக்குங்க. சிரிங்க, பல்லு தெரிய வேணாம். கண்ணை மூடாதீங்க." தொழிலில் இதற்கு மேல் அவருக்குப் பேச்சு தேவைப்படவில்லை. வீட்டில் இந்த நான்குகூடத் தேவைப்படவில்லை.

1983-ல் செல்லக்கண்ணுவுக்கு ஞானோதயம் வந்தது.

"லாசரஸ், இனிமே எவனும் நின்னு படம் எடுக்க வரமாட்டான். எல்லாரும் வீட்டுல உக்காந்து வீடியோ பாக்கப் போறான். நான் கேசட் வாடகைக்கு விடப்போறேன். நீங்க மூணு மாசத்துல வேற வேலை பாத்துக்குங்கலா."

ஸ்டூடியோவின் தாஜ்மகால் திரையை விட்டுப் பிரிவதில் லாசரஸுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதன் ஒரு தூணை எலி தின்று பல வருஷம் ஆகிறது. கவலையெல்லாம், நாற்பத்தாறு வயதில் தாடை தூக்க மட்டும் தெரிந்த ஆளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்பதுதான். அன்றிலிருந்து அவருடைய வலது கட்டைவிரல் சும்மா இருக்க மறுத்தது. பஸ்ஸிலும் லிஃப்டிலும் சாப்பாட்டு மேசையிலும் அது காற்றில் ஃபிலிம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. குடும்ப வாழ்வுப் பதிவுக் கழகம் என்ற ஒன்று புதிதாகத் தொடங்கப்பட்டிருக்கிறதாம். குடும்பங்கள் தங்கள் வீட்டில் இயல்பாக இருப்பதை உள்ளது உள்ளபடி படமெடுத்துப் பத்திரப்படுத்துவது அதன் வேலை. அந்தப் படங்களைப் பார்த்து மற்றக் குடும்பங்கள் இயல்பாக இருக்கக் கற்றுக்கொள்ளும். தமிழ்ப் பிரிவுக்கு ஆறு பேர் தேவை. பன்னிரண்டு வாரப் பயிற்சி, தேறினால் நிரந்தர வேலை. லாசரஸ் விண்ணப்பத்தை நிரப்பினார். அதில் 'பகல் நேர முகவரி' என்று கேட்டிருந்ததால் ஸ்டூடியோ முகவரியை எழுதினார். மார்சிலிங்கில் அவருக்கு ஒரு வீடும், பிரிஜட் என்று ஒரு மனைவியும், உர்சுலா என்று பதினான்கு வயது மகளும் இருப்பதை எழுத அதில் இடமில்லை.

பயிற்சிக்கு இடம் கிடைத்தது. முதல் நாள், குவீன்ஸ்டவுனில் இருந்த கழக அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. ஆங்கிலத்தில் அசோசியேட் போட்டோகிராபர் என்றிருந்தது. கீழே தமிழில்: கூட்டாளி.

"சார், இது என்ன கூட்டாளி?" என்று கேட்டார் லாசரஸ்.

மொழிபெயர்ப்பாளர் பரமசிவம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர்தான். பெருமூச்சு விட்டார். "துணைன்னு போடலாம்னு பாத்தேன். துணை இயக்குநர் ஒத்துக்கல. இணைன்னு போட்டா இணைச் செயலாளருக்கு வருத்தம். உதவின்னா உங்களுக்கு கிரேடு ஒண்ணு இறங்கிடும். அகராதியில யாரும் உரிமை கொண்டாடாம மிச்சம் கிடந்தது கூட்டாளி ஒண்ணுதான்."

"கூட்டாளின்னா நம்ம ஊர்ல பிரெண்டு சார்."

"அதனால என்ன, கெட்ட வார்த்தையா? அச்சாயிடுச்சுலா."

பிரிவுத் தலைவர் சேதுபதி தொடக்க உரை ஆற்றினார். லண்டனில் ஆறு வாரம் பயிற்சி பெற்று வந்தவர் அவர். அதை அவர் சொல்லாமல் விட்ட நாள் இருந்திருந்தால் அன்று அவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நண்பர்களே, படமெடுப்பவன் என்பவன் இல்லாதவன். அவன் அறையில் இருப்பதே ஒரு தவறு. நான் லண்டனில் இருந்த ஆறு வாரமும் என்னை அங்கே ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வகுப்பிலும் சரி, விடுதியிலும் சரி, ஒருவரும் என்னோடு பேசவில்லை. அப்போதுதான் இந்தக் கலையின் ஆழம் எனக்குப் புலப்பட்டது. அந்த அனுபவத்தை உங்கள் ஒவ்வொருவருக்கும் தருவதே என் இலட்சியம்."

எல்லோரும் கை தட்டினார்கள். லாசரஸின் கட்டைவிரல் இரண்டு சுற்று சுற்றியது.

விதிகள் ஏழு. ஃபிளாஷ் கூடாது, பேச்சு கூடாது, படத்தில் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது என்று போயின அவை. வீட்டுக்குள் நுழைந்ததும் 'இயல்பாக இருங்கள்' என்று ஒரே ஒரு முறை, தெளிவான உச்சரிப்பில் சொல்லலாம். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் மதிப்பெண் போகும். ஏழாவது விதி, படமெடுக்கும் குடும்பத்தோடு கூட்டாளிக்கு எந்த உறவும் இருக்கக் கூடாது. கூட்டாளிக்கு உறவு கூடாது என்று படித்தபோது ஒரே ஒருவர் சிரித்தார். அவர் மறுநாள் சீனப் பிரிவின் களஞ்சிய அறைக்கு மாற்றப்பட்டார்.

பிறகு இல்லாமலிருக்கும் பயிற்சி தொடங்கியது. பெரிய அறை ஒன்றில் பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்க வேண்டும். சேதுபதி ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு நடுவே நடப்பார். யார் மேலாவது அவர் கண் பட்டால் அந்த ஆளுக்கு மதிப்பெண் குறையும். முதல் வாரம் லாசரஸ் தோற்றார். இரண்டாம் வாரம் சுவரோடு சுவராக நிற்கவும், மூச்சை மெல்ல விடவும், முகத்தில் ஒன்றும் இல்லாமல் வைத்திருக்கவும் பழகினார். மூன்றாம் வாரம் சேதுபதி அவர் காலை மிதித்துவிட்டு, நாற்காலி என்று நினைத்து நகர்த்தப் பார்த்தார். அதுதான் அந்த வருஷத்தின் மிக உயர்ந்த மதிப்பெண். அன்று மாலை எழுத்தர் ஹலீமா வருகைப் பதிவேட்டில் அவருக்கு 'வரவில்லை' என்று போட்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் வந்திருந்தேன்மா."

"தெரியும் அண்ணே. ஆனா சார் பாக்கலைன்னு எழுதிக் குடுத்திட்டாரே. சார் பாத்தேன்னு எழுதினா உங்களுக்கு மார்க் போயிடும். எது வேணும், சொல்லுங்க."

லாசரஸ் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டார்.

பயிற்சிக் குடும்பங்களில் முதலாவது சுப்பிரமணியம் வீடு, அதே குவீன்ஸ்டவுனில். கழகத்திலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்து அவர் மனைவி பாக்கியலட்சுமி பட்டுச்சேலை கட்டியிருந்தார். கொடியில் கிடந்த துணியெல்லாம் மறைந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பன்னிரண்டு தொகுதி கலைக்களஞ்சியமும் ஒரு மீன்தொட்டியும் வந்திருந்தன. லாசரஸ் வாசலில் நின்று, "இயல்பாக இருங்கள்," என்றார்.

"இதைவிட இயல்பா வேணும்னா நகை இன்னும் கொஞ்சம் இருக்கு, எடுத்துப் போடவா?" என்று கேட்டார் பாக்கியலட்சுமி. லாசரஸால் பதில் சொல்ல முடியாது. தலையை ஆட்டினார். அவர் வேண்டாம் என்றுதான் ஆட்டினார். பாக்கியலட்சுமி உள்ளே போய் ஒட்டியாணத்தோடு வந்தார்.

அதற்குள் சுப்பிரமணியம் லாசரஸின் பட்டையைப் படித்துவிட்டார். மனைவியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "கூட்டாளின்னு போட்டிருக்கு. உன் அண்ணனோட கூட்டாளியா?" என்றார். "உங்க ஆபீஸ் கூட்டாளின்னு நான் நெனச்சேன்," என்றார் அவர். யாருடைய கூட்டாளியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவரை நிற்கவைப்பது மரியாதையில்லை என்று முடிவாகி, லாசரஸை உட்காரவைத்து வாழையிலை போட்டு, மொத்தக் குடும்பமும் சுற்றி நின்று பரிமாறியது. அன்று எடுக்கப்பட்ட முப்பத்தாறு படத்திலும் ஒட்டியாணம் போட்ட ஒரு பெண்மணி கேமராவை நோக்கி ரசம் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பூன் லே வட்டாரத்து வீட்டில் இதைவிட மோசம். அங்கே குடும்பத் தலைவர் கப்பல் பட்டறையில் ஃபோர்மன். 'இயல்பாக இருங்கள்' என்றதும் அவர், "எல்லாரும் ரெடியா? இயல்பு!" என்று உத்தரவு போட்டார். எட்டுப் பேரும் விறைத்து நின்றார்கள், இரண்டு மணி நேரம்.

பகலில் பயிற்சி, மாலையில் ஸ்டூடியோ என்று இப்படியே பதினோரு வாரம் ஓடியது. இரவில் தூங்காமல் புரண்டார் லாசரஸ். ஸ்டூடியோவில் செல்லக்கண்ணு ஏற்கெனவே கேசட் அலமாரி அடித்துவிட்டார். கடைசித் தேர்வு ஒன்றுதான் மிச்சம். ஐந்து நாள், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை, ஒரே குடும்பம். யாருக்கு எந்தக் குடும்பம் என்று கழகத்தின் புதிய கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஹலீமா கொடுத்த சீட்டை லாசரஸ் படித்தார். மார்சிலிங், ஒன்பதாவது மாடி. பிரிஜட் த/பெ சவரிமுத்து. மகள் ஒன்று. தந்தை என்ற கட்டத்தில் கோடு.

"தங்கச்சி, இது என் வீடு."

ஹலீமா சீட்டை வாங்கிப் பார்த்தாள். "உங்க பேரே இல்லையே அண்ணே."

"ஏம்மா இல்ல?"

"கணக்கெடுக்கப் போன ஆள் மத்தியானம் மூணு மணிக்குப் போயிருக்காரு. அந்த நேரத்துல வீட்டுல இருந்தவங்களைத்தான் எழுதணும்னு ரூல். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுலா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது உங்க வீடுன்னு நீங்க எழுதிக் குடுத்தா ஏழாவது விதி. உறவு தொடங்கின தேதியிலேர்ந்து தகுதி போயிடும். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பதினாறு."

"பதினாறு வருஷமா விதியை மீறிக்கிட்டிருக்கீங்க அண்ணே. பேசாம போய் எடுத்துட்டு வாங்க."

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு லாசரஸ் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். சட்டைப் பையில் சாவி இருந்தது. விதிப்படி தட்டித்தான் போக வேண்டும்.

பிரிஜட் கதவைத் திறந்தார். "சாவி எங்க?"

லாசரஸ் பட்டையைக் காட்டி, "இயல்பாக இருங்கள்," என்றார்.

"மம்மி, டாடிக்கு என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து உர்சுலா சிரித்தாள். லாசரஸ் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோய், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டினார். உறவு வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதை முந்தின நாளே மனைவியிடம் சொல்லியிருந்தார். பிரிஜட் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பேச மாட்டீங்க. என்ன கேட்டாலும் பதில் வராது. மூலையில நிப்பீங்க. அஞ்சு நாளைக்கு இப்படித்தான். அதானே?"

லாசரஸ் தலையாட்டினார்.

"இதுல புதுசா என்ன இருக்கு?" என்றபடி பிரிஜட் மீன் கழுவப் போனார்.

முதல் இரண்டு நாள் தாயும் மகளும் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். ஸ்டூடியோ எட்டரைக்கு அடைத்து, பஸ் பிடித்து லாசரஸ் வீடு வந்து சேர்வது எப்போதும் ஒன்பதரைக்கு. மாலை ஆறு மணிக்குத் தன் வீடு எப்படியிருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. உர்சுலா பள்ளிக்கூட டீச்சரைப் போல நடித்துக் காட்டுவாள் என்பதும், பிரிஜட் அப்போது கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார் என்பதும் தெரியாது. அந்தச் சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது. அவர் மடமடவென்று சுட்டுத் தள்ளினார்.

ஏழு மணிக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேசையில் மூன்று நாற்காலி. மூன்றாவதன் மேல் மடித்த துணிகள் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அது தன் நாற்காலி என்பது லாசரஸுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் வரும்போது அது எப்போதும் காலியாக இருக்கும். தினம் ஒன்பதரைக்கு முன்னால் யாரோ அந்தத் துணியை எடுத்துவிட்டு, அவர் தட்டை மூடி வைத்திருக்கிறார்கள். பதினாறு வருஷமாக அவர் வீட்டில் அவருக்குப் பதில் துணி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.  அந்தத் துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார வேண்டும் போலிருந்தது. விதி இருந்தது. கட்டைவிரல் தானாக ஃபிலிமைச் சுற்றியது. அவர் படம் எடுத்தார்.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. சேதுபதி அதைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கள். தந்தை இல்லை. ஆனால் அவர் இல்லாததைப் பார்க்க முடிகிறது. லண்டனில்கூட இப்படி ஒருவர் எடுத்ததில்லை." கழகம் அதை மார்சிலிங் வட்டாரக் கண்காட்சியில், சமூக மன்றத்தின் வாசலிலேயே மாட்டியது. கூட்டாளிகளின் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் பரமசிவம் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'தந்தை இல்லாத இல்லம் (இயல்பு நிலை). படம்: கூட்டாளி.'

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அல்போன்சம்மாள் அந்தப் பக்கமாகப் போனார். கோயிலில் பிரிஜட்டுக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டூடியோவில் கூட்டம் என்பதால் லாசரஸ் கோயிலுக்கு வந்ததில்லை. அல்போன்சம்மாள் அவரைப் பார்த்ததேயில்லை. படத்தைப் பார்த்தார், கீழே எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார், நேராக ஒன்பதாவது மாடிக்கு வந்தார். ஸ்டூடியோ அடைத்துவிட்டதால் வீட்டிலிருந்த லாசரஸ் கதவைத் திறந்தார். சட்டையில் பட்டை இருந்தது.

"நீங்கதான் அந்தக் கூட்டாளியா?" என்றார் அல்போன்சம்மாள்.

"நான் பிரிஜட் வீட்டுக்காரர்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." அவர் லாசரஸைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். "ஏன் பிரிஜட், இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையே. உன் வீட்டுக்காரர் லாசரஸ் செத்துப்போனாரா, ஓடிப்போனாரா? பூசைக்கு எழுதிக் குடுக்கணும். ரெண்டுக்கும் வேற வேற பூசை."

"அக்கா, அதோ நிக்கிறாரே, அவருதான்."

அல்போன்சம்மாள் திரும்பி லாசரஸைப் பார்த்தார், கூர்ந்து பார்த்தார். இல்லாமலிருந்து பழகிய முகம் அது. அவருக்கு அதில் ஒன்றும் தென்படவில்லை. பிரிஜட்டின் கையைப் பிடித்து, "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு, மரித்த விசுவாசிகளுக்கான வேண்டுதலில் லாசரஸ் என்ற பெயரும் வாசிக்கப்பட்டது.

அந்த வாரமே கழகத்தின் ஆதரவற்றோர் பிரிவிலிருந்து கடிதம் வந்தது, தந்தையை இழந்த குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லி. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் உர்சுலாவுக்குத் தன் கேக்கில் பாதியைக் கொடுத்து, "சாரி அபவுட் யுவர் ஃபாதர்," என்றாளாம். உர்சுலா கேக்கைத் தின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அறையைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிரிஜட் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவருக்கு எதிரே நின்றார். "போய்ச் சொல்லுங்க. நான்தான் அப்பன்னு சொல்லுங்க."

"சொன்னா வேலை போயிடும், பிரிஜட். கடையும் இல்ல. வேலையும் இல்லாம வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன்?"

"வீட்டுல உக்காந்துதான் பாருங்களேன்."

லாசரஸ் மறுநாள் போய்ச் சொன்னார். சேதுபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"திரு லாசரஸ், நீங்கள் அந்தக் குடும்பத்தின் தந்தை என்றால் படத்தில் இருந்திருப்பீர்களே?"

"நான் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன் சார்."

"அதைத்தான் சொல்கிறேன். படமெடுப்பவர் இல்லாதவர். தந்தை இருப்பவர். இரண்டில் ஒன்றாகத்தான் நீங்கள் இருக்க முடியும்." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இது உறவு அறிவிப்புப் படிவம். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உங்கள் தகுதியை ரத்து செய்கிறோம். அதுவரை நீங்கள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. என் காது படிவத்துக்குத்தான் கேட்கும். சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. அந்தக் குடும்பத்தையும் மேடைக்கு அழைத்திருக்கிறோம். நல்ல சட்டை போட்டு வாருங்கள்."

படிவம் நான்காக மடிந்து லாசரஸின் பையில் கிடந்தது. செவ்வாய் கிடந்தது, புதன் கிடந்தது. பஸ்ஸில் அதை எடுப்பார், பேனாவைத் திறப்பார், மூடுவார். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எல்லையிலிருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரை போய்விட்டார்.  

சனிக்கிழமை காலை குவீன்ஸ்டவுன் மண்டபம் நிறைந்திருந்தது. பிரிஜட் பச்சைச் சேலையில் வந்திருந்தார், உர்சுலா பள்ளிச் சீருடையில். 'தந்தையற்ற இயல்புக் குடும்பம்' என்று இருவர் மார்பிலும் பட்டை குத்தினார்கள். இயக்குநர் எட்மண்ட் பேசினார்.

"இந்த ஆண்டு நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை இயல்பாக்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டு இலக்கு எண்ணூறு. இயல்பாக இருக்க மறுத்த முப்பது குடும்பங்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது. என் சொந்தக் குடும்பத்தையும் பதிவு செய்யச் சொன்னேன். ஆனால் பாவம், நான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை." எல்லோரும் சிரித்தார்கள். எட்மண்டும் சிரித்தார், கடைசியாக நிறுத்தியவர் அவர்தான்.

உரை முடிந்ததும் மேடையில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். புதிய கூட்டாளிகள் கேமராவோடு திரைக்குப் பின்னாலும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் பதுங்கியிருந்தார்கள். இயக்குநர் முகத்தைச் சுளித்தார்.

"அப்படி இல்லலா. சரியான போட்டோ வேணும். எல்லாரும் நேராப் பாக்கணும். என் இடது பக்கம்தான் நல்லா விழும்."

"இயல்பா எடுக்க வேணாமா சார்?" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இயல்பெல்லாம் குடும்பங்களுக்கு," என்றார் சேதுபதி, டையைச் சரிசெய்தபடி. "இது அலுவலகப் பதிவு. யாருக்காவது நிற்கவைத்து எடுக்கத் தெரியுமா?"

பன்னிரண்டு வாரத்தில் அங்கே எல்லோருக்கும் அது மறந்துபோயிருந்தது. ஒருவருக்குத்தான் தெரியும். லாசரஸை முன்னால் தள்ளினார்கள்.

அவர் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினார். அதிகாரிகளை உயரவாரியாக நிறுத்தினார். நடுவில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிரிஜட், இன்னொரு பக்கம் உர்சுலா. நடு நாற்காலி காலி. இல்லாத தந்தையைக் குறிக்க அதன்மேல் சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருந்தார் சேதுபதி. அது லாசரஸுக்கு வர வேண்டிய சான்றிதழ்.

"தாடையைத் தூக்குங்க," என்றார் லாசரஸ். முழுக் கழகமும் தாடையைத் தூக்கியது. "தோளை இறக்குங்க. சிரிங்க, பல்லு தெரிய வேணாம்."

வியூஃபைண்டரில் குனிந்து பார்த்தார். பிரிஜட் கேமராவைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலாவது துணி இருந்தது என்று லாசரஸுக்குத் தோன்றியது. கட்டைவிரல் ஃபிலிமைச் சுற்றியது. ஆனால் அவர் பட்டனை அழுத்தவில்லை. டைமரைத் திருகிவிட்டார். கேமரா 'கிர்ர்' என்று ஓடத் தொடங்கியது. பத்து விநாடி.

"கண்ணை மூடாதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். இரண்டு படி ஏறி, எட்மண்டின் காலை மிதித்து, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். பிரிஜட்டின் கை அவர் முழங்கையைப் பிடித்தது. அதே நேரம் கேமரா சொடுக்கியது.

கழகத்திலிருந்து கடிதம் எட்டாம் நாள் வந்தது. உறவு அறிவிப்புப் படிவம் பெறப்படாத நிலையில், தந்தையின் நாற்காலியில் அமர்ந்த செயலே படிவமாகக் கருதப்பட்டுச் சான்றிதழ் ரத்தாகிறது. சட்டத்தை மட்டும் திருப்பி அனுப்பவும். உறையில் அச்சான பக்கம் ஒன்றும் இருந்தது. மேடையில் எடுத்த படம் அடுத்த பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் வருகிறதாம். அதில் எல்லோரும் தாடையைத் தூக்கி விறைத்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் பாதி உட்கார்ந்து, வாயைப் பிளந்து, கண்ணை இறுக மூடி, சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கீழே: 'இயல்பு: மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. படம்: கூட்டாளி.'

பிரிஜட் அந்தப் பக்கத்தை வெட்டி வரவேற்பறையில் மாட்டினார். அல்போன்சம்மாள் வந்து பார்த்து, லாசரஸைத் தொட்டும் பார்த்து, பூசைக்குக் கொடுத்த பெயரை எப்படி வாபஸ் வாங்குவது என்று பங்குச் சாமியாரிடம் விசாரிக்கப் போனார். பேர் லாசரஸ்தானே, பைபிளிலேயே செத்து எழுந்தவர் பேர், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம் அவர். செல்லக்கண்ணு கேசட் கடையின் ஒரு மூலையில் பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அது ஐந்து மணி வரைக்கும்தான். ஆறரைக்கு லாசரஸ் வீட்டில் இருப்பார். துணி இப்போது கட்டில்மேல் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. கழுத்தில் கேமராவோடு ஒரு பெண். இப்போது பட்டையில் பேரும் போடுகிறார்கள்: லட்சுமி, கீழே கூட்டாளி. கம்ப்யூட்டர் மறுபடியும் இதே வீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

"இயல்பாக இருங்கள்," என்றாள் அவள். சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். விதியை மறந்து பேசிவிட்டாள். "மேடம், தந்தை இல்லைன்னு போட்டிருக்கே. இவரு யாரு?"

பிரிஜட் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மீனில் முள் எடுத்துக் கணவரின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் கூட்டாளி," என்றார்.

லட்சுமி எழுதிக்கொண்டாள். பிறகு கேமராவை உயர்த்தினாள். லாசரஸ் தன்னையறியாமல் தாடையைத் தூக்கினார்.